இடக் கன்னத்து மச்சம்

கெர்ட்ரூட்டுக்கு வாய் சும்மா இருக்காது. ஐம்பத்தாறு வயதாகியும் ஏன், எதற்கு, எப்படி என்று குடைந்துகொண்டேதான் இருப்பாள். மீன் வாங்கப் போனால், இந்த மீனுக்கு ஒரு கண் மட்டும் ஏன் சிவந்திருக்கிறது என்று கடைக்காரரைக் கேட்பாள். பல் பிடுங்கப் போனால், பிடுங்கின பல்லையெல்லாம் சேர்த்து வைத்து என்ன செய்வீர்கள் என்று டாக்டரைக் கேட்பாள். அவள் கணவர் கிளாரன்ஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். “இவளைக் கட்டிக்கிட்டு முப்பது வருசமா நான் பரீட்சை எழுதிக்கிட்டே இருக்கேன்லா. ரிசல்ட்தான் வரல” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புவார். புலம்பினாலும், சாய டின்களையும் ஏணியையும் வேனில் ஏற்றி அவளைக் கொண்டுபோய் இறக்குவது அவர்தான்.

பள்ளிக்கூடச் சுவர்களில் படம் வரைவது கெர்ட்ரூட்டின் பிழைப்பு. கிள்ளான் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளிக்குள் நுழைந்தாலும், வாய்ப்பாடு பிடித்திருக்கும் யானையோ, பல் விளக்கும் முதலையோ, கொடி ஏந்திய பிள்ளைகளோ சுவரில் நிற்பார்கள். பாதிக்கு மேல் இவள் கைவண்ணம். ஆனால் அவளுக்கு உயிர் முகங்கள்தான். போட்டோவின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, அதே கட்டத்தைச் சுவரில் பெரிதாகச் சுண்ணக்கட்டியால் இழுத்து, ஒரு கட்டத்துக்கு ஒரு கட்டம் என்று ஏற்றுவாள். கன்னத்துக்கு ஒரு நாள், கண்ணுக்கு இரண்டு நாள். ஒரு மனிதரின் கண்ணையே இரண்டு நாள் உற்றுப் பார்த்தால் அவர் சம்பந்தியைவிட நெருக்கமாகிவிடுவார் என்பாள்.

இந்தக் கேள்வி கேட்கிற குணம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆரம்பித்தது. அப்பா சிக்னல் பார்த்த ஊழியர். ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் ஒரு கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்தார்: செய்த பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாபம் இரண்டு வகை. அடிக்குப் பயந்து, நரகத்துக்குப் பயந்து வருந்துவது ஒன்று. செய்த காரியத்துக்காகவே மனம் நொந்து வருந்துவது இன்னொன்று, அதுதான் உத்தம மனஸ்தாபம். எட்டு வயது கெர்ட்ரூட் உடனே கையைத் தூக்கினாள். “சிஸ்டர், ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே அழுவாங்க? எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?” பதிலுக்குக் கிடைத்தது, வகுப்பு முடியும்வரை முழங்காலில் நிற்கும் தண்டனை. முழங்கால் வலி அன்றே போய்விட்டது. கேள்வி மட்டும் போகவே இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அந்தப் பள்ளியில் படித்த யுகேந்திரன் அப்போது தொலைக்காட்சியில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தான். பாட்டுப் போட்டி நடத்துவது அவன், நகைச்சுவை நிகழ்ச்சி அவன், தீபாவளி விளம்பரத்தில் முறுக்கு கடிப்பதும் அவன். பள்ளி வாசலுக்கு எதிர்ச்சுவரில் அவன் முகத்தைப் பெரிதாக வரைந்து, கீழே ‘பணிவே உயர்வு’ என்று எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு முன்மாதிரி வேண்டாமா?

அவனுடைய மேனேஜர் ஒரு போட்டோ அனுப்பினார். மேக்கப் அறையில் அவனே ஹேண்ட்போனில் எடுத்துக்கொண்டது. சட்டைப் பொத்தான்கள் பெண்கள் சட்டையில் வருவதுபோல மறுபக்கம் இருப்பதை கெர்ட்ரூட் கவனிக்கத்தான் செய்தாள். உலகத்தில் உள்ளதையெல்லாம் ஏன் என்று கேட்கிறவள், அன்றைக்கென்று பார்த்து, நட்சத்திரங்களின் ஃபேஷன் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். பதினோரு நாள் வேலை. இடக் கன்னத்தில் ஒரு கடுகு மச்சம். அதைக் கடைசி நாளில் மெல்லிய தூரிகையால் வைத்தாள். படம் அப்படியே பேசியது. வாழ்நாளில் அந்த ஒரு படத்துக்குத்தான் கீழே தன் பெயரைப் போட்டாள்.

திறப்பு விழாவுக்கு யுகேந்திரனே வந்து துணியை இழுத்தான். ஒரே கைத்தட்டல். அவளைக் கட்டிப்பிடித்து, “ஆன்டி, கண்ணாடி பார்க்கிற மாதிரியே இருக்கு!” என்றான். அவன் முகம் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். மச்சம் வலக் கன்னத்தில் இருந்தது.

அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். முன்பக்கக் கேமராவில் எடுத்த படம் இடம் வலம் மாறித்தான் வந்திருக்கிறது. பொத்தான் அதைத்தான் கத்திச் சொல்லியிருக்கிறது. அவனோ தன்னைக் கண்ணாடியில் பார்த்தே பழகியவன், அவனுக்கும் தெரியவில்லை. சாரத்தைப் பிரித்தாகிவிட்டது, எல்லோரும் மெச்சுகிறார்கள், கேசரி வேறு பரிமாறுகிறார்கள். அடுத்த லீவில் வந்து திருத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த லீவும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. கிளாரன்ஸிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

இப்போது இந்த வருடத்துக் கதைக்கு வருவோம். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கொண்டோ அடுக்குமாடி வாசலில் யுகேந்திரன் காவலாளியோடு தகராறு செய்தான். பின்னால் நின்ற காரில் இருந்தவர் எடுத்த வீடியோ, மொத்தம் பத்தொன்பது வினாடி. வருகையாளர் பெயர் எழுதும் பெரிய புத்தகத்தைக் காவலாளி கையிலிருந்து பிடுங்கி யுகேந்திரன் கால்வாயில் எறிகிறான். பெரியவரின் தொப்பியைத் தட்டிவிடுகிறான். “நான் யாருன்னு தெரியுமா? தெரியுமாயா?” என்று கத்துகிறான். அவர் குனிந்து தொப்பியை எடுப்பதோடு வீடியோ முடிகிறது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. இரண்டே நாளில் நாடு முழுக்கப் பார்த்துவிட்டது.

மூன்றாம் நாள் அவன் மன்னிப்பு வீடியோ வந்தது. வெள்ளைச் சட்டை, கலங்கிய கண். “என் அன்பு ரசிகர்களே, யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன். அந்த செக்யூரிட்டி அங்கிள் என்னைப் போலி என்று சொல்லிக் கேலி செய்தார். நானும் மனிதன்தானே.” பாதிப் பேர் மன்னித்தார்கள். மீதிப் பேர், வாசல் காக்கிற அந்த ஜாகாவுக்கு எவ்வளவு கொழுப்பு பார் என்றார்கள்.

கெர்ட்ரூட் அதை ஏழு தடவை பார்த்தாள்.

“என்ன, மனப்பாடம் பண்றியா?” என்றார் கிளாரன்ஸ்.

“கண்ணு ஓடுது பாருங்க. இடமிருந்து வலம், திரும்ப இடமிருந்து வலம். எழுதி வச்சதைப் படிக்கிறான்.”

“அப்ப நடிப்புன்னு சொல்றியா?”

“தெரியலையே. எழுதிப் படிச்சா வருத்தம் இல்லைன்னு ஆயிடுமா? நாமகூட ஜெபத்தைப் புத்தகத்தைப் பார்த்துத்தானே சொல்றோம்.” பிறகு நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: “அந்தப் பெரியவர் அப்படி என்னதான் சொல்லியிருப்பாரு? வீடியோ புக் பறக்கிறதுல இருந்துதான் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?”

அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய அவசியம் இல்லாமலே விடை அவளைத் தேடி வந்தது. தலைமையாசிரியர் சீதாலெட்சுமி போன் செய்து, “அடுத்த சனிக்கிழமை விருதளிப்பு நாள் ஆன்டி. அதுக்குள்ள அந்த மூஞ்சியை வெள்ளையடிச்சிடுங்க. ‘பணிவே உயர்வு’ன்னு எழுதி மேல இவரை வச்சிருக்கோமே, ஊரே சிரிக்குது” என்றார். கெர்ட்ரூட் சுவரை அளந்து பார்க்கப் போனாள். மணி மூன்று இருக்கும். பள்ளி விட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கேண்டீன் பெஞ்சில் ஒரு சின்னப் பெண் புத்தகப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சும்மா போவாளா கெர்ட்ரூட்?

“ஏன் கண்ணு இன்னும் வீட்டுக்குப் போகலை?”

இரண்டாம் வகுப்பு மலர்விழி பயப்படாமல் பதில் சொன்னாள். “தாத்தாதான் ஒரு மணிக்கு வருவாரு. இப்ப அவரைத் தூரமா மேருவுக்கு வேலை மாத்திட்டாங்க. அம்மா வேலை விட்டு வர அஞ்சரை ஆகும்.”

“ஏன் மாத்தினாங்க?”

குழந்தை எதிர்ச்சுவரைக் கை காட்டினாள். “அவரு தாத்தாகூட சண்டை போட்டாருல்ல, அதான்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கிளாரன்ஸை இழுத்துக்கொண்டு பண்டமாரானுக்குப் போனாள். மாடி வீட்டில் மலர்விழியின் தாத்தா ரெங்கசாமி பனியனோடு உட்கார்ந்து காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அறுபத்துமூன்று வயது, ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த முதுகு. பத்திரிகைக்காரர்கள் என்று நினைத்து முதலில் கதவைத் திறக்கவே யோசித்தார். மலர்விழி பள்ளியில் படம் வரைகிறவள் என்றதும் முகம் மலர்ந்தது.

“அந்தப் படம் நீங்க போட்டதா டீச்சர்? உட்காருங்க, உட்காருங்க. தினம் ஒரு மணிக்குப் பேத்தியைக் கூப்பிட வருவேன்ல, அதுக்கு எதிர்லதான் மோட்டார் சைக்கிளை நிறுத்துவேன். ரெண்டு வருசமா அவரைத்தான் பார்த்துக்கிட்டு நிப்பேன்.” படம் வரைகிறவளை அவர் டீச்சர் என்றே கூப்பிட்டார். அவளும் மறுக்கவில்லை.

“அண்ணே, அன்னைக்கு நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“ஐயோ, நான் கேலி பண்ணலம்மா. மாரியம்மா மேல சத்தியம். போன மாசம் ஒருத்தன் தான் பெரிய ஆளுன்னு சொல்லி உள்ள போயி ரெண்டு மோட்டாரைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டான். அதுல இருந்து யாரா இருந்தாலும் ஐசி கார்டுல போட்டோவையும் பேரையும் பார்த்து எழுதணும்னு ஆர்டர். இவரு வந்தாரு. ‘நான் யுகேந்திரன், கேட்டைத் திற’ன்னாரு. எனக்கு ஒரே சந்தோசம். நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளையாச்சே! குனிஞ்சு நல்லாப் பார்த்தேன். பார்த்தா மச்சம் வலப்பக்கம் இருக்கு.” ரெங்கசாமி பாலிஷ் துணியை மடித்தார். “எங்க வீட்டுல டிவி ஓடி ரெண்டு வருசம் ஆச்சு. எனக்குத் தெரிஞ்ச யுகேந்திரன் சுவத்துல இருக்கிறவருதான். அவருக்கு மச்சம் இடப்பக்கம். ‘ஐயா, யுகேந்திரனுக்கு மச்சம் இந்தப் பக்கம் இல்லீங்க, ஐசி காட்டுங்க’ன்னேன். அவ்வளவுதான். புக்கு பறந்துச்சு.”

 கெர்ட்ரூட் அவர் கொடுத்த மைலோ குவளையைக் கையில் எடுத்தாள்.

“கண்ணு மங்கிப் போச்சு போலருக்கு எனக்கு. இடமும் வலமும் தெரியாம ஒரு பெரிய மனுசனைப் போலின்னு சொல்லிட்டேன். கம்பெனியில என்ன சொல்ல முடியும்? அவரு வீடியோவுல சொல்லிட்டாரே, நான் கேலி பண்ணேன்னு. காலையில ஏழுல இருந்து சாயந்திரம் ஏழு வரைக்கும் மேருவுல ஃபேக்டரி கேட்டு. முன்னாடி சாயந்திரம்தான் வேலை ஆரம்பம். பிள்ளையைக் கொண்டாந்து விட்டு, சோறு போட்டுட்டுப் போவேன்.”

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடமே, அண்ணே, உங்கள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, என் கையில்தான் கோளாறு என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னாளா? இல்லை. மைலோவைக் குடித்துவிட்டு, மலர்விழிக்குக் கொண்டுபோன பிஸ்கட் டின்னைக் கொடுத்துவிட்டு, படியிறங்கி வந்துவிட்டாள். ஊரான் மனஸ்தாபத்தை ஏழு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவள் இவள்தான்!

வேனில் ஏறியதும் உடைந்து எல்லாவற்றையும் கிளாரன்ஸிடம் கொட்டினாள். அவர் கியரை மாற்றிக்கொண்டே கேட்டார்.

“மூணு வருசமா எனக்கே சொல்லலையா நீ?”

“இல்ல.”

“ஒரு மச்சம்தானேன்னு நெனச்சே.”

“ஆமா. இப்ப சொன்னா என் பேரு என்ன ஆகும்? மூஞ்சி தப்பா வரையிற பொம்பளைன்னு எந்த ஸ்கூல் கூப்பிடும்?” சொல்லி வாயை மூடுமுன்பே அவளுக்குச் சுருக்கென்றது. எதை நினைத்து இப்போது அழுகிறோம்? ரெங்கசாமியை நினைத்தா, வேலை போய்விடும் என்று நினைத்தா? அடிக்குப் பயந்த மனஸ்தாபம் என்று சிஸ்டர் சொன்னது இதைத்தான். எட்டு வயதில் கேட்ட கேள்விக்குப் பாதி விடை, ஐம்பத்தாறு வயதில், ஓடுகிற வேனில் கிடைத்தது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அழுகிறவளுக்குத் தெரியும்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னாள். சீதாலெட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இதை எதுக்கு ஆன்டி இப்பக் கிளப்புறீங்க? அழிக்கத்தானே போறோம்? மூஞ்சியோட சேர்ந்து மச்சமும் போயிடும். யாருக்குத் தெரியப் போகுது?”

அட, எவ்வளவு சுலபமான வழி! இரண்டு டின் வெள்ளைச் சாயம், நாலு மணி நேர வேலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மச்சத்தைச் சுண்ணாம்பில் மறைத்துவிடலாம். கெர்ட்ரூட்டுக்குச் சபலம் தட்டத்தான் செய்தது. ஆனால் எழுந்து வெளியே வந்தபோது மணி இரண்டு. பெஞ்சில் மலர்விழி வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு, ஒன்றும் செய்யத் தோன்றாமல், பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே பண்டமாரானுக்குப் போனாள், தனியாக. ரெங்கசாமி வேலை முடிந்து வரும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் வந்ததும் மேனேஜர் அனுப்பிய பழைய போட்டோவை நீட்டினாள்.

“அண்ணே, உங்க கண்ணு சரியாத்தான் இருக்கு. நான்தான் மச்சத்தை மாத்தி வரைஞ்சேன். திறப்பு விழா அன்னைக்கே எனக்குத் தெரியும். திருத்தாம விட்டுட்டேன். நேத்து உங்க வீட்டுக்கு வந்தும் சொல்லாமப் போயிட்டேன்.” அந்த போட்டோ இப்படி வந்தது, அந்த மேனேஜர் அப்படி அனுப்பினார் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

ரெங்கசாமி போட்டோவை வெகுநேரம் பார்த்தார். படியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முட்டியில் வைத்துக்கொண்டார்.

“மூணு வருசமாத் தெரியுமா?”

“தெரியும்.”

“நான் பத்து நாளா ராத்திரியெல்லாம் என் கண்ணையே திட்டிக்கிட்டு இருக்கேன் டீச்சர். கிளினிக்குல போயி கண்ணைக் காட்டினேன். பேத்தி முன்னாடி நான் ஒரு கேணயன் மாதிரி...” எழுந்து கதவைத் திறந்தார். “போயிட்டு வாங்க. இப்ப எதுவும் பேச வேணாம்.”

“நான் என்ன செய்யணும்ணே?”

“நான் யாரையும் கேலி பண்ணலன்னு கம்பெனிக்குத் தெரியணும். அது போதும்.” கதவைச் சாத்திக்கொண்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

காவல் நிறுவனத்து அலுவலகத்தில் அவள் கொண்டுபோன கடிதத்தைப் படித்துவிட்டு அந்த அதிகாரி சிரித்தார். “மச்சத்துக்கெல்லாம் லெட்டராம்மா? கம்ப்ளைன் பண்ணவரே வந்து சொன்னா ஓகே. நீங்க சொன்னா எப்படி?” ஆகவே கெர்ட்ரூட் தனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தாள். பள்ளிப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டாள். தன் பெயர், தான் செய்த பிழை, அது எத்தனை நாளாகத் தெரியும், ரெங்கசாமி என்பவர் சொன்னது என்ன, அவருக்கு என்ன ஆயிற்று, எல்லாம் ஒன்றரை நிமிடத்தில். எழுதி வைத்துப் படிக்கவில்லை. நடுவில் இரண்டு தடவை திக்கினாள்.

குழுவை விட்டுத் தாண்டி அது ஊரெல்லாம் ஓடியது. மச்சத்தைப் பிள்ளையார் நெற்றியிலும் பூனை மூக்கிலும் வைத்துப் படம் போட்டுச் சிரித்தார்கள். மேருவில் ஒரு பள்ளி, அடுத்த மாதம் ஒப்புக்கொண்டிருந்த வேலையை, ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம் ஆன்டி’ என்று தள்ளிவைத்தது. பிறகு என்றால் எப்போது என்று கெர்ட்ரூட் கேட்கவில்லை. அவளுக்கு வலித்தது. வலிக்காத மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை. கிளாரன்ஸிடம் சொல்லி ஒரு பாட்டம் அழுதாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். மறுநாள் விருதளிப்பு. பள்ளி வெறிச்சென்று இருந்தது, மலர்விழிகூட அன்று அம்மாவோடு சீக்கிரம் போயிருந்தாள். கெர்ட்ரூட் சாரத்தின் மேல் நின்றிருந்தாள். பக்கத்தில் வெள்ளைச் சாய டின் இன்னும் திறக்கப்படவில்லை. அவள் கையில் இருந்தது தோல் நிறம் கலந்த கிண்ணமும் மெல்லிய தூரிகையும். இடக் கன்னத்து மச்சத்தை மூடிவிட்டு இறங்கி நின்று பார்த்தபோது, பின்னால் “ஆன்டி” என்று குரல் கேட்டது.

தொப்பி, முகக்கவசம், பழைய டி-சட்டை. கூட யாரும் இல்லை, கேமராவும் இல்லை. கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டு நாள் வரைந்த கண் அல்லவா!

“மாஸ்க்கைக் கழட்டுங்க தம்பி. மச்சத்தை எந்த இடத்துல வைக்கணும்னு பார்க்கணும்.”

யுகேந்திரன் கழற்றினான். சுவரை அண்ணாந்து பார்த்தான். கை தானாக வலக் கன்னத்துக்குப் போனது.

“உங்க வாய்ஸ் நோட்டைக் கேட்டேன். சத்தியமா அவரு என்னைக் கேலி பண்றாருன்னுதான் நெனச்சேன் ஆன்டி.”

“சரி. கேலியே பண்ணியிருந்தா?”

 “அன்னைக்கு நாலு நாளாத் தூக்கம் இல்ல. புரொடியூசர் வேற போன்ல—”

“எங்க கோவில்ல பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா ஃபாதர் ஒண்ணு சொல்லுவாரு: அடுத்தவன் பாவத்தையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத, பின்னால லைன் நிக்குது.”

அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் நின்றது. “அந்த மன்னிப்பு வீடியோ வக்கீல் எழுதிக் கொடுத்தது.”

“தெரியும். கண்ணு வரி வரியா ஓடுச்சு.” கெர்ட்ரூட்டுக்கு ஆர்வம் தாங்கவில்லை. திட்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “எழுதிக் கொடுக்காம இருந்தா நீங்களா என்ன சொல்லியிருப்பீங்க?”

யுகேந்திரன் பெஞ்சில் உட்கார்ந்தான். ஒரு காலத்தில் அவனே உட்கார்ந்த பெஞ்சாகக்கூட இருக்கலாம். 

“அந்த புக்கைத் தூக்கி எறிஞ்சப்ப... நல்லா இருந்துச்சு ஆன்டி. ஒரு செகண்டு. ரொம்ப நல்லா இருந்துச்சு. அதை எப்படி வீடியோவுல சொல்றது? அதுதான் என்னைத் தூங்க விடல. ஊரு திட்டினது இல்ல.”

கெர்ட்ரூட் அவனையே பார்த்தாள். பொய் சொல்கிறவன் தன்னை இவ்வளவு அசிங்கமாகக் காட்டிக்கொள்ள மாட்டான் என்று தோன்றியது. தோன்றியதுதான். உறுதியாகச் சொல்ல அவள் யார்?

“அவரு பேரு என்ன?” என்றான் திடீரென்று. “உங்க வாய்ஸ் நோட்டுலதான் முதல் தடவை கேட்டேன். திரும்பச் சொல்லுங்க.”

“ரெங்கசாமி. மேருவுல இருக்காரு. உங்க பேச்சால மாத்தினாங்க. அவரு பேத்தி இதே பெஞ்சுலதான் தினம் அஞ்சரை வரைக்கும் உட்கார்ந்திருக்கா.”

அவன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான், சூடு பட்டவன் மாதிரி.

“ஆடாம நில்லுங்க” என்று கெர்ட்ரூட் சாரத்தில் ஏறினாள். அவன் வலக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு வெயிலில் நின்றான். அவள் ஒரு பார்வை அவனை, ஒரு பார்வை சுவரை என்று பார்த்து, கண் ஓரத்திலிருந்து மூன்று விரல்கடை கீழே புள்ளியை வைத்தாள்.

“நாளைக்கு இதை அழிக்கப் போறாங்கன்னு சொன்னாங்களே?”

“நாளைக்கு இல்ல. இன்னைக்கே, இது காஞ்சதும். நான்தான் அழிக்கப் போறேன்.”

“அப்புறம் எதுக்கு ஆன்டி இதைத் திருத்துறீங்க?”

“தப்போட அழிச்சா மறைச்ச மாதிரி ஆயிடும் தம்பி. திருத்திட்டு அழிச்சாத்தான் அழிச்ச மாதிரி.”

மச்சம் காய்ந்தது. அவள் வெள்ளை டின்னைத் திறந்தாள். யுகேந்திரன் போகாமல் நின்று, தன் நெற்றி, கண், சிரிப்பு, கடைசியில் கழுத்து என்று எல்லாம் மறைவதைப் பார்த்தான். ‘பணிவே உயர்வு’ மட்டும் மிச்சம். அதை அழிக்கச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. பக்கத்தில் சின்னதாக ‘கெர்ட்ரூட்’ என்று இருந்தது. அதை அவளே அழித்தாள்.

மூன்று வாரம் கழித்து அதே வெள்ளைச் சுவரில் வாய்ப்பாடு எழுத அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு மணிக்கு மணி அடித்தது. வாசலில் மோட்டார் ஒன்று வந்து நின்றது. ரெங்கசாமி. மலர்விழி பையோடு ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். கெர்ட்ரூட் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, போகலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிப் போனாள்.

“பழைய இடத்துக்கே மாத்திட்டாங்க டீச்சர். அவரு கம்பெனிக்கு லெட்டர் கொடுத்தாரு. நான் கேட்டது சரிதான்னு எழுதியிருந்தாரு.” பேத்திக்குத் தலைக்கவசத்தை மாட்டிவிட்டார். “உங்க மேல எனக்குக் கோபம் இன்னும் இருக்கு.”

“எவ்வளவுண்ணே?” வாய் சும்மா இருக்கிறதா பாருங்கள்!

ரெங்கசாமி ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் ஓர் அங்குலம் விரித்துக் காட்டினார். கொஞ்சம் யோசித்து, அதில் பாதியாகக் குறைத்தார்.

“லெட்டருக்கு முன்னாடி ஒரு நாள் மேருவுக்கும் வந்தாரு. மத்தியானம். யாரையும் கூட்டிக்கிட்டு வரல.”

“வந்து என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. காரைத் தூரமா நிறுத்திட்டு நடந்து வந்தாரு. நான் கேக்கிறதுக்கு முன்னாடியே ஐசியை எடுத்து ரெண்டு கையாலயும் நீட்டினாரு. நானும் விடல, மூஞ்சியையும் ஐசியையும் நல்லாப் பார்த்துட்டுத்தான் புக்கைக் கொடுத்தேன். பேரு எழுதினாரு, நம்பர் எழுதினாரு. பக்கத்துல, யாரைப் பார்க்க வந்தீங்கன்னு ஒரு கட்டம் இருக்குல்ல...” ரெங்கசாமி மோட்டாரின் சாவியைத் திருகிக்கொண்டே நின்றார். “அதுல என் பேரை எழுதினாரு டீச்சர். பதினாலு வருசமா ஜாகா வேலை பார்க்கிறேன். அந்தக் கட்டத்துல என் பேரை யாரும் எழுதினதே இல்ல.”

மோட்டார் கிளம்பிப் போயிற்று. வேனுக்குள் இருந்து கிளாரன்ஸ் எட்டிப் பார்த்தார், அவள் ஏதாவது கேட்பாள் என்று. கெர்ட்ரூட் ஒன்றும் கேட்கவில்லை.